கிளிப்பச்சை வண்டியைக் கொடுத்தவர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குப் பொறுமை வேண்டும், நிதானம் வேண்டும், இதமான குரல் வேண்டும் என்பார்கள். பிரேக் மாஸ்டரிடம் இந்த மூன்றும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு வலது கால். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு அல்லவா, அதை அவர் மிதிக்கிற மிதியில் ஓட்டுபவரின் மூக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பும். எதிரே லாரி வந்தாலும் மிதிப்பார். தெருக்கோடியில் நாய் படுத்திருந்தாலும் மிதிப்பார். ஒரு தடவை காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் பைக்கு மிதித்துவிட்டு, பின்னால் வந்த சைக்கிள்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படி வந்த பெயர்தான் இது. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருந்தது.

தன்னை யாராவது கிண்டல் செய்வதற்குள் தானே செய்துகொள்வது அவர் வழக்கம். "என்கிட்ட கத்துக்கிட்டவங்க ஒருத்தரும் விபத்துல சிக்கினதில்ல. பயத்துல பாதிப் பேரு வண்டியே வாங்கலையே," என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஆனால் இந்த ஊர் தன்னைச் சரியாக எடைபோடவில்லை என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் குறை இருந்துகொண்டேதான் இருந்தது.

ஊரிடம் நல்ல பெயர் வாங்க அவர் ஒரு முறை முயன்றும் பார்த்தார். வாசகசாலைக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, இறக்கைகளில் தன் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதச் சொன்னார். விசிறி சுற்றும்போது பெயர் தெரியவில்லை. மின்சாரம் போய் விசிறி நின்றால் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் எல்லோரும் வியர்த்து விறுவிறுத்து அண்ணாந்து பார்ப்பார்கள். மின்வாரியத்துக்குப் போக வேண்டிய வசவெல்லாம் இவர் பெயருக்கு வந்து சேர்ந்தது.

இந்த நிலையில்தான் புதுப் பயிற்சிக் கார் வாங்கினார். பழையது வீட்டு வாசலில் நின்றது. வயதான வண்டிதான், ஆனால் எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடது பக்கக் கதவை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்துத் திறக்க வேண்டும்.

வண்டி வாசலில் நின்ற முதல் நாளே மச்சினன் வந்துவிட்டான். மனைவியின் ஒரே தம்பி. ஆள் தங்கமானவன், ஆனால் அவன் கை பட்ட எதுவும் வந்த மாதிரி திரும்பாது. மாஸ்டரின் மோட்டார் சைக்கிள் அவனிடம் போய்க் கண்ணாடி இல்லாமல் வந்தது. துளை போடும் இயந்திரம் போய் அதன் பெட்டி மட்டும் வந்தது. செல்பேசி உறை விற்றான், மீன் தொட்டி விற்றான், வாடகைக்கு நாற்காலி விட்டான். எல்லாம் ஆரம்பித்த வேகத்தில் படுத்தன.

"மாமா, இந்த வண்டி சும்மாதானே நிக்குது? நான் வாடகைக்கு ஓட்டினா ஒரு வருஷத்துல உங்களுக்குப் புதுசே வாங்கிக் குடுத்துடுவேன்," என்றான்.

"பாக்கலாம் மாப்ள," என்றார் மாஸ்டர். அவர் அகராதியில் அதற்கு இல்லை என்று பொருள். மனைவியின் அகராதியில் சரி என்று பொருள். அந்த ராத்திரியே அவள் தம்பியிடம் போனில் பேசி, பெட்ரோலுக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லிவிட்டாள்.

மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் பிசியோ அம்மாவின் ஞாபகம் வந்தது. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிற நிலையம் ஒன்றை, நன்கொடைகளை நம்பி நடத்திக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். மாஸ்டரிடம்தான் ஓட்டக் கற்றார். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, அந்தப் பழைய காரிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். பாடத்துக்கு நடுவே ஒரு நாள் சொல்லியிருந்தார்: "மாஸ்டர், எங்க ஆளுங்க பாதிப் பேரு பாதியிலேயே நின்னுடறாங்க. மனசில்லாம இல்ல. கூட்டிட்டு வர வண்டி இல்ல. கை அசையத் தொடங்கின நேரத்துல வராம போயிடறாங்க, பாத்தா வயிறெரியுது."

அன்று அதைக் கேட்டு மாஸ்டர் உச்சுக் கொட்டியதோடு சரி. இப்போது அந்த வார்த்தைகள் தேவவாக்கு மாதிரி ஒலித்தன.

விடிந்ததும் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். "இந்த வண்டியை நிலையத்துக்குக் குடுத்துடு. யார் குடுத்ததுன்னு மூச்சு விடக் கூடாது," என்றார்.

"ஏன் மாஸ்டர், நல்ல காரியம்தானே? சொன்னா என்ன?" என்றான் மெக்கானிக்.

"பேருக்காகச் செய்யறதெல்லாம் ஒரு செய்கையா?" என்றார் மாஸ்டர். சொல்லும்போதே அவர் குரல் கனத்தது. தான் இவ்வளவு பெரிய மனிதர் என்பது அவருக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது. பெயர் வெளியே வந்தால் மனைவிக்குத் தெரியும், மனைவிக்குத் தெரிந்தால் மச்சினனுக்குத் தெரியும், அப்புறம் மூன்று வேளையும் சாப்பாட்டோடு பேச்சையும் சேர்த்து விழுங்க வேண்டும் என்ற உண்மைக் காரணத்தை அவர் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. தன்னிடமே அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

கற்றுக்கொடுப்பவர் பக்கத்து பிரேக்கை மெக்கானிக் கழற்றினான். வண்டியின் காகிதங்களைத் தன் பெயருக்கு மாற்றி, அங்கிருந்து நிலையத்தின் பெயருக்கு மாற்றினான். அடையாளம் தெரியாதிருக்க வேறு வண்ணம் அடிக்கச் சொல்லியிருந்தார் மாஸ்டர். கடையில் மிஞ்சிக் கிடந்தது கிளிப்பச்சை. யார் கண்ணிலும் படக் கூடாத வண்டி, தெருவின் அந்தக் கோடியில் திரும்பும்போதே இந்தக் கோடிக்குத் தெரிகிற வண்டியாகிவிட்டது.

வீட்டில் அவர், "பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்," என்றார்.

"என்னைக் கேக்காமயா? என்ன கெடச்சுது?" என்று கையை நீட்டினாள் மனைவி. இதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. தன் சேமிப்பிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். காரையும் கொடுத்து, காருக்கு விலையும் கொடுத்த ஆள் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மச்சினன் வந்தான். வண்டி நின்ற இடத்தில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

பெயர் சொல்லாமல் கொடுப்பதில் உள்ள கஷ்டம், கொடுத்த பிறகுதான் தொடங்கும் என்று மாஸ்டருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கொடுத்த மறுநாளே அவருக்குக் காது அரிக்கத் தொடங்கியது. ஊரில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா? முடிதிருத்துபவர் கடையில் போய் உட்கார்ந்தார், முடி வெட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாத தலையோடு. கிரிக்கெட் பேசினார்கள், தண்ணீர் வராதது பேசினார்கள். வண்டிப் பேச்சே இல்லை. பிறகு மாணவர்களின் பாதையை மாற்றினார். ரிவர்ஸ் எடுக்க நிலையத்து வாசலைவிடத் தோதான இடம் இந்த ஊரிலேயே கிடையாது என்று கண்டுபிடித்தார். அந்த வாரம் அவரிடம் படித்த அத்தனை பேரும் அந்த வாசலில்தான் பின்னால் போனார்கள். பச்சை வண்டி வருவதையும், அதிலிருந்து ஒருவர் கைத்தாங்கலாக இறக்கப்படுவதையும் மாஸ்டர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் ஓட்டுகிறவன், "சார், இன்னும் எவ்வளவு பின்னாடி போகணும்?" என்று கத்துவான்.

கடைசியில் நிலையத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு, எல்லோரும் வரலாம் என்றார்கள். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில், மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். "நமக்கும் அதுக்கும் என்னங்க?" என்று அவள் கேட்டதற்கு, "ஊரோட ஒத்து வாழணும்," என்று மழுப்பினார்.

பயிற்சிக் கூடத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரோரம் பிடித்து நடக்க இரும்புக் கம்பிகள், கையால் சுற்றுகிற சக்கரம், உருட்டிப் பழகுகிற ரப்பர் பந்துகள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் ரெஃப்ரி இருந்தார். ஒரு காலத்தில் கால்பந்து ஆட்டங்களில் விசில் ஊதி ஊரையே ஆட்டி வைத்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பயிற்சியில் முதலில் திரும்பி வந்த சொல் 'ஃபவுல்'. இப்போதைக்கு அது ஒன்றுதான். பசித்தாலும் அதுதான், நன்றி சொன்னாலும் அதுதான். குரலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிசியோ அம்மா எழுந்து பேசினார். "இந்த வண்டி வந்ததுல இருந்து வராம நின்னவங்க எல்லாரும் திரும்ப வராங்க. குடுத்தவர் தன் பேரு வேணாம்னுட்டார். அவர் யாராயிருந்தாலும், இங்க ஒவ்வொருத்தர் எடுத்து வைக்கிற அடியிலயும் அவர் இருக்கார்."

கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாகவும் கொஞ்சம் அடக்கமாகவும் தட்டினார். தனக்கே தான் பலமாகத் தட்டிக்கொள்வது சரியாக இருக்காது அல்லவா?

தேநீர் நேரத்தில் ஊகங்கள் கிளம்பின. துணிக்கடைக்காரரா? ஓய்வுபெற்ற நீதிபதியா? வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற அந்த மாடி வீட்டம்மாளா? மாஸ்டர் கோப்பையோடு ஒவ்வொரு கும்பலின் ஓரத்திலும் நின்று பார்த்தார். கடைசியில் மருந்துக்கடைக்காரர் விளையாட்டாக, "நம்ம பிரேக் மாஸ்டரா இருக்குமோ?" என்றார்.

"யாரு, பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்துல எஞ்சினை அணைச்சுட்டுப் போறவரா?" என்றது இன்னொரு குரல். கூட்டமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். "நான் குடுத்திருந்தா வண்டியைக் குடுத்துட்டு சாவியை வெச்சுக்கிட்டிருப்பேன்," என்று தானே எடுத்தும் கொடுத்தார். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அவர் குடித்த தேநீர் கசந்தது.

அப்போதுதான் வாசல் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள்: "அட, வண்டியை ஓட்டிட்டு வந்து சாவி குடுத்ததே மாஸ்டரோட மச்சினன்தானே!"

அது உண்மைதான். வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டிய அன்று மெக்கானிக்குக் கடையை விட்டு நகர முடியவில்லை. வழியோடு போன மச்சினனைக் கூப்பிட்டு, வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறான். மாஸ்டரைக் கேட்டிருந்தால் அந்த வேலைக்கு அவனைத் தவிர உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அனுப்பச் சொல்லியிருப்பார்.

தேநீருக்கு வந்திருந்த மச்சினனைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "ஐயோ, நான் இல்லீங்க," என்றான் அவன். "சத்தியமா நான் இல்ல. என்கிட்ட ஏதுங்க காரு?"

"பாத்தீங்களா, எப்படி ஒதுங்கறான்னு!" என்று நெகிழ்ந்தார் மருந்துக்கடைக்காரர். அவன் இல்லை இல்லை என்று தலையாட்ட ஆட்ட, அவனே என்பது ஊர்ஜிதமாகிக்கொண்டு போயிற்று. மாஸ்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பூசைதான். "என் தம்பியை என்னென்ன சொன்னீங்க? உருப்படாதவன்னீங்க. ஓட்டைக் கைன்னீங்க. கஷ்டப்பட்டு எங்கயோ புரட்டி ஒரு காரையே குடுத்திருக்கான், அக்காகிட்டகூட மூச்சு விடல. நீங்க என்ன பண்ணீங்க? நல்லா ஓடற வண்டியை இரும்புக்குப் போட்டீங்க. அந்த வண்டியைக் குடுத்திருந்தா நாலு பேரு நடந்திருப்பாங்க!"

அந்த நாலு பேரும் அந்த வண்டியால்தான் நடக்கிறார்கள் என்று சொல்ல முடிந்திருந்தால் மாஸ்டர் அன்றைக்கு ஒரு பிடியாவது சாப்பிட்டிருப்பார்.

அதன் பிறகு வந்த நாட்கள் மாஸ்டருக்குச் சோதனைக் காலம். மருந்துக்கடைக்காரர் மச்சினனுக்கு நாற்காலி போட்டார். வாசகசாலையில் அவனிடம் ஆலோசனை கேட்டார்கள், என்ன ஆலோசனை என்று அவனுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. ஊர் வைத்த கண் வாங்காமல் பார்க்கத் தொடங்கியதும் அவன் தினமும் முகம் மழித்துக்கொண்டான். நிலையத்துக்கே போய், சம்பளம் வேண்டாம், வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிச் சேர்ந்தும்விட்டான். அதைக் கேட்டபோது மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனிடமிருந்து தப்பிக்க அந்த வண்டியைக் கொடுத்தாரோ, அவன் கையிலேயே போய் உட்கார்ந்துவிட்டது. அதுவும் மாலை மரியாதையோடு.

பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று ஒரு காலையில் நிலையத்துக்குப் போனார். போகும் வழியில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டார். 'எனக்குப் புகழ் வேண்டாம், ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா' என்று தொடங்குவதாகத் திட்டம்.

பிசியோ அம்மா ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மாஸ்டர். வண்டியைப் பாக்க வந்தீங்களா? கொல்லைப்பக்கம் நிக்குது," என்றார் நிமிராமல்.

"வண்டியா? எந்த வண்டி?" என்றார் மாஸ்டர்.

அந்த அம்மாள் நோயாளியிடம் காலை இன்னும் பத்துத் தரம் மடக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாஸ்டர், அந்த வண்டியில உக்காந்து நான் அழுத அழுகைக்கு அளவுண்டா? பச்சை அடிச்சா எனக்குத் தெரியாம போயிடுமா? பின்சீட்டுல நான் கர்ச்சீப் மறந்து வெச்சது, சீட்டுக்கு அடியில இருந்து அப்படியே கெடச்சுது."

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. "அப்ப, அன்னிக்குக் கூட்டத்துல..."

"உங்களைப் பாத்துத்தான் பேசினேன். நீங்கதான் மேல விட்டத்தைப் பாத்துட்டு இருந்தீங்க."

"எப்படியோ பேரு மாறிப் போச்சு," என்றார் மாஸ்டர். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, குழந்தை புகார் சொல்வது போல வந்தது குரல்.

பிசியோ அம்மா சிரித்தார். "பேரு சொல்லாம குடுக்கறவங்க எல்லாருமே ஒரு நாள் இப்படி வந்து நிப்பாங்க மாஸ்டர். அந்தச் சக்கர நாற்காலி குடுத்தவரு, வாராவாரம் வந்து சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுட்டுப் போவாரு. யாரோ எவரோ மாதிரி. ஒருத்தர் சொந்தக்காரங்களுக்குப் பயந்து பேரை மறைப்பாரு. ஒருத்தருக்கு யாராவது நன்றி சொன்னா அழுகை வந்துடும், அதுக்குப் பயம். இன்னொருத்தர், அடுத்த வருஷமும் கேப்பாங்களோன்னு. மகானா ஒருத்தர்கூட இதுவரை வரல. நீங்க எதுக்காக மறைச்சீங்க?"

மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நடை பழக வந்தவர் மாதிரி. "மச்சினனுக்குப் பயந்து," என்றார். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், முழங்கால் மடக்கிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

"சரி, ஊருக்குச் சொல்லணும்னா சொல்லுங்க. உங்க உரிமை," என்றார் அந்த அம்மாள். "அதுக்கு முன்னாடி எனக்கொரு உதவி. உங்க மச்சினனோட ஒரு நடை போயிட்டு வாங்க. நோயாளிகளை ஏத்திட்டு ஓட்டறாரு, கை எப்படின்னு உங்களைத் தவிர யாருகிட்ட கேக்கறது?"

ரெஃப்ரியை வீட்டில் விடும் நேரம் அது. மச்சினன் வண்டியை எடுத்து வந்தான். மாஸ்டரைப் பார்த்ததும் கொஞ்சம் திணறி, "வாங்க மாமா," என்றான். மாஸ்டர் இடது பக்கம் போனார். யோசிக்காமல் கதவை மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்துத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. மச்சினன் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக் இருந்த இடத்தில் வெறும் தகரம். டங்கென்று சத்தம். பின்சீட்டிலிருந்து ரெஃப்ரி, "ஃபவுல்," என்றார்.

"கால் மரத்துப் போச்சு," என்றார் மாஸ்டர்.

"ஃபவுல்!" என்றார் ரெஃப்ரி, இன்னும் கண்டிப்பாக.

அதற்குமேல் மிதிக்க அவசியமே வரவில்லை. மச்சினன் ஓட்டியதை மாஸ்டர் வியப்போடு பார்த்தார். வேகத்தடைக்குத் தூரத்திலேயே தணித்தான். குழிகளின் முகவரி அவனுக்குத் தெரிந்திருந்தது. ரெஃப்ரியின் விழுந்த தோள் கதவில் இடிக்கக் கூடாது என்று இடது திருப்பங்களில் ஊர்ந்தான். தோளுக்கும் கதவுக்கும் நடுவே வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னத் தலையணை இருந்தது. மாஸ்டருக்குத் தெரிந்த தலையணைதான், மனைவி காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தது.

ரெஃப்ரியின் வீட்டில் இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். திரும்ப வந்து வண்டியில் ஏறினார்கள். மச்சினன் சாவியைப் போட்டான், ஆனால் திருகவில்லை.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு மாப்ள."

"மெக்கானிக் அண்ணன் சாவியைக் கையில குடுத்தப்பவே எனக்குத் தெரியும், இது நம்ம வண்டின்னு. எத்தனை மாசம் ஆசை ஆசையாப் பாத்த வண்டி. பச்சைப் பெயின்ட்டுக்கு எனக்கு அடையாளம் மாறுமா?"

மாஸ்டர் முன்கண்ணாடி வழியே ஒன்றுமில்லாத தெருவைப் பார்த்தார்.

"எனக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் இரும்புக்குப் போட்டதா சொன்னீங்கன்னு புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் நெனச்சுப் பாத்தேன். என்கிட்ட வந்திருந்தா நெஜமாவே இரும்புக்குத்தான் போயிருக்கும்." அவன் ஸ்டியரிங்கை விரலால் துடைத்தான். "நான் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் மாமா. வாழ்க்கையில முதல் தடவையா முழுசா உண்மை பேசினேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. உங்க பேரைச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க மறைச்சதை நான் எப்படி உடைக்கறது? நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க. என்னால இந்த மரியாதையைத் தூக்கிச் சுமக்க முடியல."

இந்தப் பையனைப் பார்த்துப் பயந்து, காரை மறைத்து, பொய்யை விலை கொடுத்து வாங்கி, அந்தப் பொய்க்குத் தியாகம் என்று பெயரும் வைத்துக்கொண்டு, கடைசியில் கைதட்டல் தனக்கு வரவில்லை என்று வயிறெரிந்துகொண்டு கிளம்பி வந்த ஒரு மனிதரை மாஸ்டர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். அந்த ஆளைப் பார்க்கச் சகிக்கவில்லை, சிரிப்பும் வந்தது.

"என்னை மன்னிச்சுடு மாப்ள," என்றார்.

"ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு மாமா?"

"பெரிய வார்த்தை இல்ல. நீ ஓட்டறதை இப்பத்தான் பாத்தேன். என்கிட்ட கத்துக்கிட்ட ஒருத்தர்கூட இப்படி ஓட்டினதில்ல. நான் ஊருக்கு ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீ பாட்டுக்கு இல்லைன்னு சொல்லிட்டே இரு, யாரும் நம்பப் போறதில்ல. அக்காகிட்ட மட்டும் எப்பவும் வாயைத் திறந்துடாத. அந்த இரும்புக் காசு கதை வெளிய வந்தா நான் தொலைஞ்சேன்."

மச்சினன் சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினான்.

அடுத்த மாதமே நிலையம் அவனுக்குச் சம்பளம் போட்டது. யார் கொடுத்து அந்தச் சம்பளம் வருகிறது என்று பிசியோ அம்மாவிடம் கேட்டதற்கு, பேர் சொல்ல விரும்பாத ஒருவர் என்றார். அது மாஸ்டர் இல்லை. மருந்துக்கடைக்காரர்தான் என்று மாஸ்டருக்கு ஒரு சந்தேகம், ஏனென்றால் அவர் இப்போதெல்லாம் வேலையே இல்லாமல் நிலையத்து வாசலில் நிற்கிறார்.

மாஸ்டர் பாடு அத்தோடு முடிந்துவிடவில்லை. மனைவி விடவில்லை. "என் தம்பி காரே குடுத்தான். அவன் அக்கா புருஷன் சும்மா இருந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க? நீங்களும் ஏதாவது குடுங்க," என்று தினமும் காதில் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பச்சை வண்டிக்கு நான்கு புது டயர் வாங்கிக் கொடுத்தார். இந்தத் தடவை மறைக்க வழியில்லை. மனைவியே கூட வந்து, கொடுப்பது யார் என்பதை எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். நிலையத்துப் பலகையில் அவர் பெயரைச் சாக்பீஸால் எழுதினார்கள். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாததால், 'பிரேக் மாஸ்டர், டயர்' என்று எழுதினார்கள். நோயாளிகள் கைதட்டினார்கள். ஒரு கை விழுந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

அதில் அவருக்கு ஒரு வசதியும் கிடைத்தது. டயர் கொடுத்தவர் டயரைப் பார்க்க வருவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இனி எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வண்டியைச் சுற்றி வரலாம், குனிந்து பார்க்கலாம், தட்டிக்கொடுக்கலாம்.

அன்று புதுக் காரில் வீடு திரும்பும்போது மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "ஏங்க, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

"சொல்லு."

"டயர் குடுத்தது நல்ல விஷயம்தான். ஆனா பலகையில பேரெல்லாம் போட்டுக்கணுமா? என் தம்பியைப் பாருங்க. அவ்வளவு பெரிய காரைக் குடுத்துட்டு, இன்னிக்கு வரைக்கும் நான் இல்லைன்னுதான் சொல்லிட்டிருக்கான். அந்த மனசு எல்லாருக்கும் வருமா?"

மாஸ்டர் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்னாச்சுங்க? எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க?" என்று பதறினாள் அவள்.

"வராதும்மா," என்றார் அவர், மூச்சு வாங்க. "அந்த மனசு எனக்கு வரவே வராது."